பழைய இரும்பும் புதிய வீடும்

சனிக்கிழமையில் இரும்பு வாங்கலாகாது என்பது நம்மவர் வீடுகளில் இன்றும் வழங்கிவரும் ஒரு நியமம். இரும்பு சனி பகவானுக்குரிய உலோகம். அன்று அதனை விலைகொடுத்து வாங்கி வருவது அவரையே கைப்பிடித்து வீட்டுக்குள் அழைத்து வருவதற்கு ஒப்பாகும் என்று பெரியோர் சொல்வர். இதனை நன்கு அறிந்திருந்தும், சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை முற்பகலில், பதுளை நகரின் ஓரத்தில் உள்ள பழைய இரும்புக் கடையொன்றில் 14 கிலோ இரும்பை நிறுத்து வாங்கி, முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். வாசலில் நின்ற மனைவி முதலிற் கேட்டது பொருளைப் பற்றியன்று, நாளைப் பற்றி. "இன்றைக்கா இதை வாங்கினீர்கள்?" என்றார். அதன் பின்னரே, "இதை எங்கே வைக்கப் போகிறீர்கள்?" என்ற கேள்வி வந்தது. இரண்டாவது கேள்விக்கும் என்னிடம் அப்போது தக்க விடை இருக்கவில்லை.

நான் வாங்கியது ஒரு பழைய ஜன்னல் கிராதி. மூன்றடி அகலம், இரண்டரை அடி உயரம். ஆறு உருட்டுக் கம்பிகள், இரண்டு பட்டை இரும்புகளின் துளைகளூடாகப் புகுந்து நிமிர்ந்து நிற்கின்றன. அத்துளைகள் துளைப்பான் கொண்டு குடையப்பட்டவை அல்ல. இரும்பு செந்தணலாய் இருந்தபோது உளியால் ஓட்டை இட்டு விரித்தவை. ஆதலால் ஒவ்வொரு துளையைச் சுற்றிலும் பட்டை சற்றே உப்பியிருக்கின்றது, இரை விழுங்கிய பாம்பின் வயிற்றைப்போல. மேற்புறத்தில் இரண்டு சுருள்கள். இடப்புறச் சுருள் இறுக்கமானது. வலப்புறச் சுருள் சற்று நெகிழ்ந்து ஓர் இடத்தில் நெளிந்திருக்கின்றது. ‘வெல்டிங்’ செய்த வடு எங்கும் இல்லை. கடைக்காரருக்கு இவற்றுள் எதுவும் ஒரு பொருட்டாய்ப் படவில்லை. அவருக்கு அது 14 கிலோ.

துருவைப் போக்கிக் கறுப்பு வர்ணம் பூசி, விறாந்தைச் சுவரில் நான்கு ஆணிகளில் மாட்டினேன். வந்தவர்கள் பார்த்தார்கள், புகழ்ந்தார்கள். கொழும்பிலும் காலிக் கோட்டையிலும் எல்லப் பகுதியின் விடுதிகளிலும் பழைய இரும்பால் வீட்டை அலங்கரிப்பது இப்போது ஒரு நாகரிகமாகப் பரவியிருக்கின்றது. பங்களாவின் படலை கட்டிலின் தலைப்பலகையாகின்றது. தூணின் தாங்கி விளக்குத் தண்டாகின்றது. தையல் இயந்திரத்தின் வார்ப்பிரும்புக் கால்கள் தேநீர் மேசையைச் சுமக்கின்றன. நானும் அந்த நாகரிகத்தில் ஒரு சிறு பங்கு பெற்றுவிட்ட மகிழ்ச்சியில் இருந்தேன்.

ஏறக்குறைய இரண்டு வாரங்களின் பின், என் மாணவன் ஒருவனின் பாட்டனார் பேரனின் படிப்பு விடயமாக வீட்டுக்கு வந்தார். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். எழுபது வயதைக் கடந்தவர். "உட்காருங்கள், ஐயா" என்று நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை. சுவரை நோக்கி நடந்து, கிராதியின் வலப்புறச் சுருளில் கை வைத்தார்.

"மாஸ்டர், இது எங்க பிள்ளை மடுவத்துக் கம்பி" என்றார்.

தோட்டத்து வாழ்வு அறியாத வாசகர்களுக்காக ஒரு சொல். கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மார் தம் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடமே பிள்ளை மடுவம். பால் கொடுப்பதற்காக அவர்கள் வேலைக்கு நடுவே மலையிலிருந்து இறங்கி வருவர். அந்தத் தோட்டத்தில் புதிய கட்டடம் எழும்பியதும் பழைய மடுவம் இடிக்கப்பட்டது. மரமும் தகரமும் இரும்பும் விலைபோயின. களவு எதுவும் இல்லை. யாவும் முறைப்படியே நடந்தன.

"அம்மா பால் கொடுக்க வர்ற நேரம் எங்களுக்குத் தெரியும். அதுக்கு முந்தியே இந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்போம். எட்டாது. கல்லுப் போட்டு ஏறி நிப்போம்" என்றார் பெரியவர். அவருடைய தந்தையார் ஸ்டோர்க் கம்மாலையில் வேலை செய்தவர். "அப்போ இது உங்கள் அப்பா செய்ததா?" என்று ஆவலோடு கேட்டேன். அவர் சிறிது யோசித்தார். "அப்பா செஞ்சதுன்னு சொல்ல முடியாது, மாஸ்டர். செய்யலைன்னும் சொல்ல முடியாது. யாரு பேரையும் எழுதி வைக்கலையே!"

அன்று முதல் அந்தக் கிராதி எங்கிருந்து வந்தது, எவ்வழியே வந்தது என்னும் கேள்வி என்னை விடவில்லை. இங்கே நான் எழுதுவது அந்தக் கேள்வியின் பின்னே சென்று அறிந்துகொண்டவற்றையே.

ஊவாவின் இரும்பு

ஊவாவின் புகழ்பெற்ற பாலங்கள் இரண்டிலும் இரும்பைக் காண முடியாது என்பது ஒரு வேடிக்கை. ஹாலிஎலவுக்கு அப்பால் உள்ள போகொடைப் பாலம் கூரையிட்ட பழைய மரப்பாலம். எல்ல, தெமோதரை நிலையங்களுக்கு இடையே 1921ஆம் ஆண்டில் முடிந்த ஒன்பது வளைவுப் பாலமோ கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு எழுப்பப்பட்டது. பாலத்துக்கென இருந்த உருக்கெல்லாம் முதலாம் உலகப் போருக்குப் போய்விட்டது என்று ஒரு கதை இப்பகுதியில் வழங்குகின்றது. உல்லாசப் பயணிகளுக்கு அக்கதையைச் சொல்லாத வழிகாட்டியை நான் கண்டதில்லை.

ஆயினும், ஊவா இரும்பு அறியாத நாடு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மாகாண எல்லையை ஒட்டி, பலாங்கொடைக்கு அண்மையில் சமனலவாவிப் பகுதி உள்ளது. நீர்த்தேக்கம் அமைக்கப்படுமுன் அங்கே ஆராய்ச்சி நடத்திய கில் ஜுலெப் என்னும் ஆங்கிலப் பெண்மணி, மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாகப் பழைய இரும்பு உலைகளைக் கண்டார். அவற்றின் விசேஷம் யாதெனில், அவை துருத்தியை நம்பியிருக்கவில்லை. தென்மேற்குப் பருவக் காற்று மோதும் சரிவுகளில், அக்காற்றே உலையை ஊதும்படி அமைக்கப்பட்டிருந்தன. கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இவ்வுலைகள் செழித்திருந்தன. ஜுலெப் அதே முறையில் உலையொன்றைக் கட்டி இரும்பு உருக்கிப் பார்த்து, முடிவுகளை 1996இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியிட்டார். மலைக்கு அப்பால் பெய்து தீர்ந்து, ஈரமிழந்து, இப்பக்கம் வந்து வீசும் அந்தக் காற்றை நாம் நன்றாகவே அறிவோம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு உலகம் விரும்பும் மணத்தை ஊட்டுவது அதே பருவக் காற்றுத்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இரும்பை உருக்கிய காற்று இன்று கொழுந்தை மணக்கச் செய்கின்றது.

அக்கலையின் கடைசி மூச்சைக் கண்டு எழுதியவர் நம்மவர் ஒருவரே. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி, பலாங்கொடைப் பகுதியில் எஞ்சியிருந்த சிலர் இரும்பும் உருக்கும் ஆக்கும் முறையைக் கண்டு குறித்துவைத்தார். 1908இல் வெளிவந்த அவருடைய ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலில், கண்டிநாட்டுக் கொல்லர் செய்த பூட்டுகளுக்கும் திறவுகோல்களுக்கும் இடமுண்டு. கனிப்பொருளை அளக்க வந்த விஞ்ஞானி ஒருவர், அளவுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கைவினைஞரின் கையைப் பார்க்கத் தொடங்கியமை நமது நற்பேறு.

உள்நாட்டு உலைகள் அணைந்ததற்குக் காரணம் கைத்திறன் குன்றியமை அன்று. கப்பலில் வந்த இரும்பு மலிவாயிருந்தது, கதை அவ்வளவே. கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில், 1854இல், ஜோன் வோக்கர் என்பார் கண்டியில் தொடங்கிய பட்டறை, கோப்பிப் பழத்தின் தோலுரிக்கும் இயந்திரங்களைச் செய்து கொடுத்தது. 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை வந்தபோது, இயந்திரங்கள் இன்னும் பெரியனவாயின. கச்சார்த் தோட்டங்களில் பணியாற்றிய டேவிட்சன் என்பவர் பெல்பாஸ்ட் நகரில் நிறுவிய ‘சிரொக்கோ’ தொழிற்சாலையின் உலர்த்தும் இயந்திரங்கள் தேயிலை நாடுகளெங்கும் சென்றன. புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளைக்கு அது வந்து சேர்ந்தது 1924இலேயே. ஆதலால் அதற்கு முன் பதுளை, பசறை, லுணுகலைத் தோட்டங்களுக்கு வந்த ஒவ்வொரு தூணும் சக்கரமும் கடைசி வழியை மாட்டு வண்டியிலேயே கடந்திருக்க வேண்டும். வார்ப்பிரும்பு ஒரு கன அடி 200 கிலோவுக்கு மேல் நிறை உடையது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் அந்த வண்டிகளை இழுத்த மாடுகளை நினைக்கும்போது, அலங்காரத்தின் விலை யாருடைய தோளில் ஏறிற்று என்பது தெரியும்.

அக்காலத்துப் பிரித்தானிய வார்ப்பாலைகள் தம் பொருள்களுக்குப் படவிளக்கப் பட்டியல்களை அச்சிட்டு உலகெங்கும் அனுப்பின. கிளாஸ்கோ நகரின் ‘சரசென்’ வார்ப்பாலை இவற்றுள் பேர்பெற்றது. தூண், தாங்கி, கைப்பிடிச் சுவர், நீரூற்று என யாவற்றுக்கும் இலக்கம் உண்டு. இலக்கத்தை எழுதிப் பணம் அனுப்பினால் பொருள் கப்பலேறிவிடும். எனவே, மலைநாட்டுப் பங்களாவில் கண்ட அதே பூவேலையைப் பம்பாயிலோ மெல்போணிலோ கண்டால் வியப்படைய வேண்டியதில்லை.

தோட்டத்துக்கு வந்த இரும்பு எல்லார் வாசலிலும் ஒரே உருவில் நின்றுவிடவில்லை. துரையின் பங்களாவுக்கு அது பூவும் கொடியுமாய்ப் போயிற்று. ஸ்டோருக்குத் தூணும் உத்தரமும் உருளையுமாய்ப் போயிற்று. லயத்துக்கு வந்ததோ கூரைத் தகரம். கதவுக்கு இரண்டு பிணைச்சல், ஒரு கொண்டி. தொழிலாளர் பக்கத்தில் சிறிதேனும் அழகுபடச் செய்த இரும்பு இருந்ததென்றால் அது கோயிலிலும், கொழுந்து மடுவத்திலும், பிள்ளை மடுவத்திலுந்தான். அதையும் பெரும்பாலும் தோட்டத்துக் கம்மாலையில் அடித்தவர் தொழிலாளரே. என் விறாந்தையில் தொங்கிய கிராதி அவ்வகையைச் சேர்ந்தது. அதற்கு எந்தப் பட்டியலிலும் இலக்கம் இல்லை.

சுவர் உடையவர்க்கே அலங்காரம்

வீட்டலங்காரம் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுவோர் யாவரும், வாசகருக்கு ஒரு வீடு உண்டு என்று வைத்துக்கொண்டே எழுதுகின்றனர். பத்தடிக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில், தோட்டத்துக்குச் சொந்தமான சுவர்களுக்குள், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு இது பொருந்தாது. இருந்தும் அவர்கள் அலங்கரிக்காமல் இருந்ததில்லை. இஸ்தோப்பை மெழுகிக் கோலமிட்டனர். சுவரில் நாட்காட்டிப் படங்களை ஒட்டினர். சாமிப் படத்தைச் சுற்றிக் காகிதப் பூ வைத்தனர். சுவர் தமதில்லை என்பதால், எடுத்துச் செல்லக்கூடியவற்றாலேயே அலங்கரித்தனர் போலும்.

இப்போது நிலைமை மெல்ல மாறி வருகின்றது. 7 பேர்ச் காணியில் தனி வீடு என்னும் திட்டத்தின்கீழ், இந்திய உதவியோடும் அரசாங்க முயற்சியோடும் வீடுகள் எழுகின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர், முன்னர் ஒப்புக்கொண்டவற்றுக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய துயரத்தின் பின், ஆபத்தான சரிவுகளிலிருந்து குடும்பங்களை அகற்றும் பேச்சும் வலுத்தது. லயங்களில் இருப்போர் இன்னும் ஏராளம். வேகம் போதாது என்பது என் கருத்து. ஆயினும் சுவர் உடையவர்கள் தோன்றிவிட்டார்கள். முதன்முறையாக ஒரு குடும்பம், "இந்த ஜன்னலுக்கு என்ன வைப்போம்?" என்று தனக்குள் பேசுகின்றது.

அந்த ஜன்னலுக்கு அவர்கள் வைப்பது, நகரத்துப் பட்டறையில் சதுரக் கம்பியை வெட்டி ஒட்டிய கிராதி. அதில் தவறில்லை, உறுதியானது, விலையும் தாங்கும். ஆனால் அதே வாரத்தில், இடிக்கப்படும் மடுவத்தின் கம்பியும் கம்மாலையின் பிணைச்சலும் பழைய இரும்பு லொறியில் ஏறிப் போகின்றன. அவற்றுள் நல்லனவற்றை நகரத்து விடுதிக்காரர் தெரிந்தெடுத்து வாங்குகின்றார். தோட்டத்தில் செய்தது தோட்டத்தவர் வீட்டுக்கு வருவதற்கு மட்டும் வழியில்லாமற் போகின்றது.

எல்லப் பக்கத்து விடுதியொன்றில் தண்டவாளத் துண்டு ஒன்றைச் சங்கிலியில் தொங்கவிட்டிருக்கக் கண்டேன். இரவுணவு ஆயத்தமானதும் அதைத் தட்டுகின்றனர். விருந்தினர் சிரித்துக்கொண்டே எழுந்து வருகின்றனர். பார்வைக்கு நன்றாகவே இருந்தது. பெரட்டுக்களத்தில் விடிவதற்கு முன் அவ்வோசை கேட்டு எழுந்தோடியவர்கள் யாரேனும் அங்கே சமையலறையில் வேலை செய்கின்றனரா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

தெரிந்து வாங்குக

பழைய இரும்பை வீட்டில் வைக்க விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது, கையில் இருப்பது எவ்வகை இரும்பு என்பதே. வார்ப்பிரும்பு அச்சில் ஊற்றியது. அதில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு கரி உண்டு. ஒரே பூ அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்ப வரும். ஓரத்தில் அச்சின் இரு பாதிகள் கூடிய மெல்லிய கோடு தெரியும். தட்டினால் மந்தமாய் ஒலிக்கும். பாரம் சுமக்கும், ஆனால் விழுந்தால் கண்ணாடிபோல் உடையும். தேனிரும்போ கரி மிகக் குறைந்தது, நார் நாராய் அமைந்தது. உடைந்த இடம் முறிந்த மரக்கிளையை ஒத்திருக்கும். சுத்தியலின் தழும்பு, ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடும் சுருள்கள், வளையமிட்டு இறுக்கிய மூட்டுகள் ஆகியன அதன் அடையாளங்கள். தட்டினால் கணீரென்னும். மூன்றாவது, உருக்கு. கடந்த நூற்றாண்டில் வந்த பெரும்பாலானவை அதுவே.

தேனிரும்பைப் பெரிய அளவில் ஆக்கும் தொழில் பிரித்தானியாவிலேயே 1970களில் முடிந்துவிட்டது. ஆகவே, பழைய இரும்புக் கடையில் நசுங்கிக் கிடக்கும் ஒரு தேனிரும்புச் சுருள், உருகிப்போனால் மீண்டும் பிறக்காத ஒன்று. நான் மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது, கடைசி வாங்கில் இருப்பவனும் நிமிர்ந்து பார்ப்பான்.

வார்ப்பிரும்பை வளைத்து நிமிர்த்த முயலாதீர்கள். சாதாரண வெல்டிங்கும் அதற்கு ஆகாது. சூடேற்றிய இடத்தருகே வெடிப்பு விடும். உடைந்த துண்டுகளைத் தகடு வைத்து மரையாணியால் இணைப்பதே நலம்.

மிக முக்கியமானது பழைய வர்ணம். முன்னாளில் இரும்புக்குப் பூசிய வர்ணங்களில் ஈயம் உண்டு. துருப்பிடிக்காமலிருக்க அடியில் பூசும் செந்நிறப் பூச்சு ஈயத்தாலேயே ஆனது. அதைத் தீயிட்டுக் கருக்குவதும், உலர்வாகச் சுரண்டித் தூசெழுப்புவதும் பெருந்தீங்கு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். நீர் தெளித்து நனைத்தபடியே, முகத்தை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்துச் சுரண்டி, கழிவைத் துணியில் கட்டி அகற்ற வேண்டும். சிறுவரும் கருவுற்ற பெண்களும் அருகே நிற்கலாகாது. பிள்ளைகள் கைவைக்கும் இடத்தில் பழைய வர்ணம் உரியும் இரும்பை ஒருபோதும் வைக்கலாகாது. மடுவத்துக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்ற குழந்தைகளை நினைத்தபோது, இவ்விடயம் எனக்கு வேறு விதமாகவும் உறைத்தது.

சிறு பிணைச்சல், கொண்டி முதலியவற்றின் துருவுக்குக் கடைச் சரக்கு வேண்டியதில்லை. புளிக்கரைசலில் ஓரிரவு ஊறவிட்டால் அதன் அமிலம் துருவைக் கரைத்துவிடும். காலையில் தேய்த்துக் கழுவி, உடனே அடுப்படியில் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு விட்டால் மத்தியானத்துக்குள் மறுபடியும் சிவக்கும். பின்னர் வீட்டுக்குள் இருப்பதற்குத் தேன்மெழுகு போதும். வெளியே இருப்பதற்குத் துருத்தடுப்புப் பூச்சும் இரண்டு கை வர்ணமும் வேண்டும். தேங்காயெண்ணெய் பூசும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது தூசியைச் சேர்த்துப் பிசுபிசுக்கும். வர்ணம் கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ இருக்கட்டும். இரும்புக்குத் தங்க வர்ணம் பூசுவோரைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை.

மண்சாந்தால் கட்டிய பழஞ்சுவரில் கனமானதைத் தொங்கவிடுவது ஆபத்து. இயன்றவரை பழைய இரும்பை அதன் தொழிலிலேயே அமர்த்துங்கள். கிராதி ஜன்னலில் நிற்கட்டும்; தாங்கி எதையேனும் தாங்கட்டும்; பிணைச்சல் கதவைத் திருப்பட்டும். வேலையற்றுச் சுவரில் தொங்கும் இரும்புக்குச் சில மாதங்களில் ஒட்டடைதான் மிஞ்சும்.

எதை வாங்கக் கூடாது?

நின்றுகொண்டிருக்கும் கட்டடத்திலிருந்து பிடுங்கியதை வாங்கக் கூடாது. கல்லில் குழி வெட்டி உருகிய ஈயம் ஊற்றிப் பதித்த கம்பிகளைக் கழற்றினால் கல்லும் உடையும். அது மட்டுமன்று, 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களுக்குக் காவலாக உள்ளது, 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கப் பண்பாட்டுச் சொத்துச் சட்டம், அத்தகைய பொருள்களின் வியாபாரத்துக்கும் ஏற்றுமதிக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டுகின்றது. கல்லறைக் கம்பிகளையும், தோட்டத்துக் காவல் தெய்வங்களின் முன் நாட்டிய சூலங்களையும் அரிவாள்களையும் விற்போர் உண்டு. அவற்றை வாங்குவோருக்குச் சட்டம் சொல்லவேண்டிய அவசியமில்லை என்று எண்ணுகிறேன்.

தமிழ்நாட்டில் காரைக்குடி சென்றவர்கள் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளைப் பார்த்திருப்பார்கள். செட்டிநாட்டு மாளிகைகள் பிரிக்கப்பட்டு, தூணாகவும் கதவாகவும் கிராதியாகவும் அங்கே அடுக்கப்பட்டிருக்கும். பங்காளிகள் பலராகி, பழுதுபார்க்க ஒருவரும் இல்லாமற்போன வீடுகள் அவை. வாங்குபவர் கையில் ஒரு துண்டு கிடைக்கின்றது. எந்த ஊர், எவருடைய வீடு என்பது கடை வாசலோடு நின்றுவிடுகின்றது. இதற்கு மாறானதொரு காட்சியை நுவரெலியா அருகே கந்தப்பளையில் காணலாம். கைவிடப்பட்ட ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை, 1996இல் விடுதியாகத் திறக்கப்பட்டபோது, அதன் பழைய இயந்திரமும் பெருவிசிறிகளும் அந்த இடத்திலேயே விடப்பட்டன. அங்கே தங்குவதற்கு வேண்டிய பணம் எம்போன்ற ஆசிரியர்களிடம் இல்லை. வெளியே நின்று பார்த்து வரலாம்.

ஆகவே, வாங்கும்போது கடைக்காரரிடம் கேளுங்கள்: எந்தத் தோட்டம், எந்தக் கட்டடம்? தெரியாது என்றால் லொறிக்காரரைக் கேளுங்கள். கிடைத்த விடையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, திகதியிட்டு, வீட்டுக் காணி உறுதியோடு வையுங்கள். இரும்பின் பின்புறத்தில் வர்ணத்தாலும் எழுதலாம். மாணவர்கள் இதை ஒரு விடுமுறை வேலையாகவே செய்யலாம். தோட்டத்தில் கம்மாலை எங்கே இருந்தது, அதில் யார் யார் வேலை செய்தனர் என்பதைச் சொல்லக்கூடிய முதியோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பதை அடுத்த தவணைக்கு ஒத்திவைக்க வேண்டாம்.

பெரியவர் வந்துபோன அன்று மாலையே என் மனைவி, "அதை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள்" என்றார். சனிக்கிழமை வந்த பொருள் வெளியே போகட்டும் என்னும் எண்ணமும் அதில் இருந்திருக்கலாம். ஆனால் அவரே பிள்ளை பெற்ற வீட்டில் தொட்டிலருகே இரும்புத் துண்டு வைக்க வேண்டும் என்று வற்புறுத்துகின்றவர். ஆகையால் அவருடைய சாத்திரம் முழுவதையும் நான் அறிந்தவனல்லேன். மறுமுறை பெரியவரைக் கண்டபோது கேட்டேன். "வேணாம் மாஸ்டர், நீங்க காசு கொடுத்து வாங்கினது" என்று தலையசைத்தார். ஒரு மாதத்தின் பின் அவருடைய மகன் அளவுநாடாவோடு வந்தார். 7 பேர்ச்சில் அவர்களுடைய வீட்டுக்கு ஜன்னல் மட்டத்துக்குச் சுவர் எழும்பியிருந்தது. கிராதியை அளந்தார். அவர்கள் விட்டிருந்த இடைவெளியைவிடக் கிராதி ஐந்து அங்குலம் அகலம் கூடியது.

பட்டறைக்காரர், ஒரு பக்கக் கம்பியை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்றாராம். பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. வெட்டினால் நெளிந்த சுருள் போய்விடும். மேசனைக் கூப்பிட்டு, சாந்து காயுமுன் அந்தப் பக்கத்துக் கல்வரிசைகளைப் பிரித்து, இடைவெளியை அகலப்படுத்திக் கட்டச் சொன்னார். சென்ற தைப்பொங்கலுக்கு நாங்கள் அங்கே போயிருந்தோம். பழைய வர்ணம் முழுவதையும் நீக்கிப் புதிதாகப் பூசிய கிராதி, வீதியைப் பார்த்த ஜன்னலில் நின்றது. அதன் கீழே, உட்புறத்தில், பெரியவர் ஒரு தட்டையான கல்லைப் பதிக்கச் செய்திருந்தார். கொள்ளுப்பேத்திக்கு இரண்டு வயது. கல்லில் ஏறி நின்றால் கம்பி எட்டுகின்றது.